ரிலீஸுக்கு முந்தைய இரவில் "ஒரே ஒரு வரி": கடைசி நேரக் கோட் மாற்றத்தைக் கையாள்வது எப்படி?

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு துணிக்கடைக்கான பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பை மறுநாள் காலை கடை திறக்கும் முன் ஏற்றியாக வேண்டும். இரண்டு வாரம் டெஸ்டிங் நடந்து, எல்லாம் பச்சை. இரவு எட்டே முக்காலுக்குக் கடையிலிருந்து போன். "தம்பி, பில்லுல 'பில் நோ'ன்னு இங்கிலீஷ்ல வருதுல்ல, அதைத் தமிழ்ல 'பில் எண்'ணுன்னு மாத்திடுங்க. முதலாளி ஆசைப்படுறார். ஒரு வார்த்தைதானே?"

ஒரு வார்த்தைதான். மாற்றினேன். ஒரு பில்லை அச்சடித்துப் பார்த்தேன், அழகாக வந்தது. காலையில் ஏற்றியும் ஆயிற்று. கடையில் நாள் முழுக்க ஒரு புகாரும் இல்லை.

அதற்கடுத்த நாள் காலை கணக்காளர் கூப்பிட்டார். "சார், நேத்து விற்பனை கணக்குல ஒண்ணுமே ஏறலையே?"

எங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர் யாரோ எழுதிவைத்த சின்ன நிரல் ஒன்று தினமும் இரவு ஓடும். பில் கோப்புகளைத் திறந்து, 'பில் நோ' என்ற ஆங்கில எழுத்துகளைத் தேடி, அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை எடுத்துக் கணக்கு மென்பொருளுக்கு அனுப்பும். அன்று இரவும் தேடியது. அப்படி ஒரு சொல்லே இல்லை. ஆகவே அதன் கணக்கில் அன்று பில்லே இல்லை. பூஜ்ஜியம் பில்களை அனுப்பிவிட்டு, 'வேலை வெற்றிகரமாக முடிந்தது' என்று லாகில் (நிரல் தன் வேலையைக் குறித்து வைக்கும் கோப்பு) எழுதிவிட்டுப் போய்விட்டது.

இரண்டு வாரம் சோதித்தது ஒரு மென்பொருளை. கடைக்குப் போனது வேறொரு மென்பொருள். இரண்டுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம் என்பது எனக்குத் தெரியும், கணினிக்கு அது தெரியாது. அன்றிலிருந்து நான் பின்பற்றும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். சில படிகள் உங்களுக்குத் தெரிந்தவையாக இருக்கும். தெரிந்ததும் இரவு ஒன்பது மணிக்கு மறந்துபோகும்.

முதலில் "சின்னது" என்ற சொல்லைக் கழற்றி வையுங்கள்

1991 ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் அமெரிக்காவில் வாஷிங்டன் வட்டாரம், லாஸ் ஏஞ்சலீஸ், பிட்ஸ்பர்க், சான் பிரான்சிஸ்கோ என்று ஊர் ஊராகத் தொலைபேசிகள் செயலிழந்தன. காரணம், டெக்சாஸைச் சேர்ந்த டிஎஸ்சி கம்யூனிகேஷன்ஸ் செய்து கொடுத்த இணைப்பகக் கருவிகளின் மென்பொருள். பல பத்து லட்சம் வரிகள் கொண்ட அந்த நிரலில் மூன்று நான்கு வரிகளை மாற்றியிருந்தார்கள். இத்தனூண்டு மாற்றத்துக்கு முழுச் சோதனையையும் திரும்ப ஓட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த வரிகளில் ஒரு பிழை இருந்தது. ஏதாவது ஒரு கருவியில் சிறு கோளாறு வந்தால், அதைச் சமாளிக்க வேண்டிய நிரலே செய்திகளை வெள்ளமாகப் பொழிந்து அக்கம்பக்கத்துக் கருவிகளையும் திணறடித்தது.

வரிகளின் எண்ணிக்கை உங்களுக்குத் தட்டச்சு வேலை எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். ஆபத்தை அளக்க வேண்டுமானால் வேறொன்றை எண்ண வேண்டும்: இந்த வரியை நம்பி இருப்பவை எத்தனை? புதிதாகச் சேர்த்த ஐந்நூறு வரியை இன்னும் யாரும் கூப்பிடவில்லை என்றால் அது சாது. தேதியை வடிவமைக்கும் ஒரு பொதுச் செயற்கூறில் (பல இடங்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல் துண்டு) ஒரே ஒரு எழுத்தை மாற்றினால், அது தொடும் இடங்களை விரல் விட்டு எண்ண முடியாது.

படி 1: செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள்

மாற்றச் சொல்லி வரும் போனில், மாற்றினால் என்ன நன்மை என்று மட்டும்தான் பேச்சு இருக்கும். நீங்கள் மறுபக்கத்தைக் கேளுங்கள். நாளைக்கு இது இல்லாமலே போனால் யாருக்கு என்ன நஷ்டம்? பணம் தவறாகக் கழிகிறதா? தரவு கெட்டுப்போகிறதா? பாதுகாப்பில் ஓட்டையா? இந்த மூன்றில் ஒன்று என்றால் கோட்டைத் திறக்கலாம். நிறம், சொல், பொத்தானின் இடம், அறிக்கையில் ஒரு கூடுதல் நெடுவரிசை இதெல்லாம் திங்கட்கிழமை வரை தாங்கும்.

சரி, மேனேஜரிடம் இதை எப்படிச் சொல்வது? அனுபவம் குறைந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். "முடியாது சார்" என்றால் அது அடம் மாதிரி ஒலிக்கும். "பார்க்கிறேன் சார்" என்றால் அது சம்மதம் ஆகிவிடும். நான் இப்படிச் சொல்லிப் பழகிவிட்டேன்: "செய்யலாம் சார். ஆனா டெஸ்டிங் டீம் சரின்னு சொன்ன பில்ட் இது இல்ல. மறுபடி ஓட்டி முடிக்க நாலு மணி நேரம் ஆகும், ரிலீஸ் காலைல இருந்து மதியத்துக்குப் போகும். இல்லேன்னா இப்ப இருக்கிறதை அப்படியே அனுப்பிட்டு, இதை வியாழக்கிழமை பேட்ச்ல போடலாம். எது உங்களுக்கு வசதி?" பெரும்பாலும் வியாழக்கிழமையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கிளையன்டிடம் பேச அவர்களுக்கும் ஒரு தேதி வேண்டும், அவ்வளவுதான். என்ன முடிவானாலும் இரண்டு வரி மெயிலில் எழுதிவிடுங்கள். பழி போடுவதற்காக இல்லை. மறுநாள் காலை யாருக்கும் எதுவும் சரியாக ஞாபகம் இருக்காது.

படி 2: கோட்டைத் தொடாமல் தப்ப முடியுமா?

பிழை புதிய வசதியில் இருக்கிறதென்றால் அந்த வசதியையே அணைத்துவிட்டு மீதியை அனுப்பலாம். அல்லது பழைய பதிப்பையே இன்னும் இரண்டு நாள் ஓட விடலாம். இரண்டும் கௌரவமான வழிகள்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "கோட் மாற்றம் இல்லை, கான்ஃபிக் (அமைப்புக் குறிப்பு) மாற்றம்தான்" என்று சொல்லிக்கொண்டு டெஸ்டிங்கைத் தாண்டிக் குதிப்பவர்கள் உண்டு. 2019 ஜூலை 2 அன்று, இணையத்தளங்களுக்கு முன்னால் நின்று பாதுகாக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் இணையத்தள அரணில் புதிய விதிகளைச் சேர்த்தது. அவை எதையும் தடுக்காமல் வேடிக்கை மட்டும் பார்க்கும் ஒத்திகை நிலையில்தான் போயின. அவற்றில் இருந்த ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துக் கோலங்களைத் தேடும் சூத்திரம்) செயலிகளின் சக்தி முழுவதையும் தின்றுவிட்டது. உலகம் முழுக்க அவர்கள் வழியாக ஓடிய தளங்கள் சுமார் 27 நிமிடம் படுத்துக்கொண்டன. சாதாரண மென்பொருளைப் படிப்படியாக வெளியிடும் நிறுவனம் அது. விதிகள் மட்டும் அந்தப் படிகளில் ஏறாமல் ஒரே வீச்சில் எல்லா இடத்துக்கும் போயின. போன இடத்தில் நடத்தையை மாற்றும் எதுவும் மாற்றம்தான். அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சோதனை வேண்டும்.

படி 3: சோதித்த அதே இடத்திலிருந்து கிளை பிரியுங்கள்

கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) முதன்மைக் கிளையிலிருந்து ஹாட்ஃபிக்ஸ் கிளையை, அதாவது அவசரத் திருத்தத்துக்கான தனிப் பிரதியை, எடுக்காதீர்கள். டெஸ்டிங் முடிந்த பிறகு அதில் மற்றவர்கள் எதையெல்லாம் சேர்த்தார்களோ, அத்தனையும் உங்கள் ஒரு வரியோடு ஓசியில் ஏறி வந்துவிடும். டெஸ்டிங் டீம் கடைசியாகச் சரி சொன்ன டேகிலிருந்து (ஒரு பதிப்புக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு) கிளை எடுங்கள். முடித்தபின் அந்த டேகுக்கும் உங்கள் கிளைக்கும் டிஃப் (வித்தியாசப் பட்டியல்) போட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்த வரிகள் மட்டும்தான் திரையில் தெரிய வேண்டும். கூட ஒரு வரி தெரிந்தாலும் நிறுத்துங்கள்.

போன இடத்தில் கூட்டிப் பெருக்காதீர்கள். ஒரு மாறியின் (வேரியபிள்) பெயர் அசிங்கமாக இருக்கும், பக்கத்தில் ஒரு கம்பைலர் எச்சரிக்கை மஞ்சளாக மின்னும், கை துறுதுறுக்கும். 2006-ல் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில், ரகசியக் குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தைப் பற்றிச் சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை அடக்க இரண்டு வரிகளை எடுத்தார்கள். சீரற்ற எண்களை உண்டாக்கத் தேவையான கலவையை உள்ளே கொண்டுவந்த வரி அவற்றில் ஒன்று. 2008 மே மாதம் உண்மை தெரியும்வரை, அந்த வகைக் கணினிகளில் உருவான ரகசியச் சாவிகள் ஒவ்வொரு அளவிலும் ஏறத்தாழ 32 ஆயிரம் சாத்தியங்களுக்குள் அடங்கிக் கிடந்தன. யாரும் உட்கார்ந்து முயன்றுபார்த்தே கண்டுபிடிக்கலாம். சுத்தம் நல்லதுதான், அதற்கு வேறு நாள் இருக்கிறது.

படி 4: முதலில் உடைத்துக் காட்டுங்கள், பிறகு சரிசெய்யுங்கள்

பிழையை உங்கள் கணினியில் ஒருமுறையாவது கண்ணால் பார்க்காமல் திருத்தாதீர்கள். அந்தப் பிழையில் தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். அது சிவப்பாக வரட்டும். திருத்தத்தைப் போட்டதும் பச்சையாக மாற வேண்டும். திருத்தத்தை எடுத்தால் மறுபடி சிவக்க வேண்டும். இந்த மூன்றாவது பார்வையை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திருத்தம் இல்லாமலே பச்சையாக வரும் டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், மாற்றிய செயற்கூறை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடுங்கள். எடிட்டரின் தேடலோடு நிறுத்த வேண்டாம். இரவு ஓடும் ஸ்கிரிப்டுகள், அறிக்கைகள், மற்ற குழுக்களின் நிரல்கள், உங்கள் வெளியீட்டைக் கோப்பாக எடுத்துப் படிக்கும் கண்காணாத யாரோ. என் 'பில் எண்' கதையில் அந்த இரவு நிரல் வேறொரு ரெபாசிட்டரியில் (கோட் சேமிப்பிடம்) இருந்தது. நான் தேடியிருந்தாலும் என் ரெபாசிட்டரிக்குள்தான் தேடியிருப்பேன். ஆகவே குழுவில் நீண்ட நாள் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "இந்த பில் ஃபைலை வேற யாராவது படிக்கிறாங்களாண்ணா?" பத்து நொடிக் கேள்விதான் இது.

நேரம் குறைவு, முழு டெஸ்டையும் ஓட்ட முடியாது என்றால் எதை ஓட்டுவது? மாற்றிய இடம், அதைக் கூப்பிடும் இடங்கள், அப்புறம் மாற்றத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று நினைத்தாலும் லாகின், பணம் செலுத்துதல், பதிவு சேமித்தல். இவை உடைந்தால் மற்றது எது வேலை செய்தும் பயனில்லை.

சோதனைத் தரவும் வம்பு பிடித்ததாக இருக்கட்டும். வெற்றுப் பெயர், பூஜ்ஜிய ரூபாய், பிப்ரவரி 29, தமிழில் நீளமான பெயர். 'சுப்பிரமணியம்' என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 13 குறியீட்டுப் புள்ளிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 39 பைட். 30 பைட் இடம் ஒதுக்கிய பழைய அட்டவணையில் சுப்பிரமணியம் பாதியில் நின்றுவிடுவார். 'டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு' என்று ஆங்கிலத்தில் கொடுத்துச் சோதிக்கிறவருக்கு இது கடைசிவரை தெரியாது.

படி 5: இன்னொரு ஜோடிக் கண்

இதை நீட்ட வேண்டியதில்லை. உங்கள் மாற்றத்தை இன்னொருவருக்கு வாய்விட்டு விளக்குங்கள். நடு இரவு என்றாலும் எழுப்புங்கள். எழுப்ப மனம் வரவில்லை என்றால் விஷயம் அவ்வளவு அவசரம் இல்லை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் சரிசெய்த பாதுகாப்புப் பிழை, ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்ததால் நேர்ந்தது. இரண்டாவது வரி, சான்றிதழ் சரிபார்ப்பின் முக்கியமான பகுதியைத் தாண்டிக் குதிக்க வைத்தது.

களைப்பும் ஒரு காரணம்தான். 2017 ஜனவரி 31 இரவு, கோட் சேமிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் நீண்ட நேரம் போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் தரவுத்தளக் கோப்புகளை அழிக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் 300 ஜிபி அளவு தரவு 4.5 ஜிபி ஆகியிருந்தது. பேக்கப் எடுக்க வைத்திருந்த ஏற்பாடுகள் பலவும் வேலை செய்யவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எதேச்சையாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த நகல் ஒன்று கிடைத்ததால் பிழைத்தார்கள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தவருக்குப் பதறாமல் இருப்பதே பெரிய பாடு. அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

படி 6: திரும்பி வரும் வழியை முதலில் போடுங்கள்

ஏற்றுவதற்கு முன்பே ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவது) எப்படி என்று எழுதிவைக்க வேண்டும். எந்தப் பதிப்புக்குத் திரும்புவது, யார் செய்வது, எத்தனை நிமிடம் ஆகும், எதைப் பார்த்ததும் திரும்ப முடிவெடுப்பது. தரவுத்தள அமைப்பையும் மாற்றுகிறீர்கள் என்றால் பழைய கோட் புதிய அட்டவணையோடு ஒத்துப்போகுமா என்று ஓட்டிப் பார்த்தாக வேண்டும். பழைய கோட் நெடுவரிசை ஒன்றைத் தேடி அது இல்லாமல் விழுந்தால், அந்த ரோல்பேக் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இந்தப் படிக்கு நைட் கேப்பிட்டல் கதையைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரிய தரகு நிறுவனம் அது. நியூயார்க் பங்குச் சந்தை 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த புதிய திட்டத்துக்கு அனுமதி கிடைத்ததே ஜூலை தொடக்கத்தில்தான். சில வாரங்களில் மென்பொருளைத் தயார் செய்து, எட்டு சர்வர்களில் ஏற்றத் தொடங்கினார்கள். ஏற்றியவர் ஏழில் ஏற்றினார். எட்டாவது விட்டுப்போயிற்று. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை.

அந்த எட்டாவது சர்வரில் 'பவர் பெக்' என்ற பழைய நிரல் பகுதி தூங்கிக்கொண்டிருந்தது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்தியது, ஆனால் கோட்டிலிருந்து எடுக்கவில்லை. கேட்ட அளவு பங்கு வாங்கியாயிற்றா என்று எண்ணி நிறுத்தும் பகுதியை 2005-ல் வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். அதன்பின் பவர் பெக் ஒழுங்காக நிற்குமா என்று யாரும் சோதிக்கவில்லை, பயன்பாட்டில் இல்லாததுதானே. புதிய திட்டத்துக்கு ஒரு கொடி (எந்தப் பகுதி ஓட வேண்டும் என்று சொல்லும் குறி) தேவைப்பட்டபோது, பவர் பெக்கை எழுப்பும் அதே பழைய கொடியை எடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். ஏழு சர்வர்களுக்கு அந்தக் கொடி புதிய திட்டம். எட்டாவதுக்கு அது பவர் பெக்.

சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் நிறுத்தத் தெரியாமல் வாங்கி விற்கத் தொடங்கியது. 212 சின்ன ஆர்டர்கள், 45 நிமிடத்தில் 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளாகப் பெருகின. இந்தக் களேபரத்தில் ரோல்பேக் செய்தார்கள் பாருங்கள், அங்கேதான் என் நெஞ்சு பதறும். புதிய கோட்டில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்தார்கள். உள்ளே வந்த ஆர்டர்களில் கொடி இன்னும் ஏறித்தான் இருந்தது. இப்போது எட்டு சர்வர்களிலும் பவர் பெக். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் போட்ட அபராதம் தனியாக 1.2 கோடி டாலர். அடுத்த ஆண்டே நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துபோனது.

இன்னொன்றும் நடந்தது. அன்று காலை 8 மணியிலிருந்தே, சந்தை திறக்க ஒன்றரை மணி நேரம் இருக்கையில், பவர் பெக் பெயரைச் சொல்லியே 97 எச்சரிக்கை மெயில்கள் ஊழியர்களுக்குப் போயின. அவை அவசர எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை இல்லை, யாரும் கவனிக்கவில்லை. உங்கள் மெயில் பெட்டியில் 'தானியங்கி' என்ற கோப்புறையில் எத்தனை படிக்காமல் கிடக்கின்றன?

ஆகவே ஏற்றி முடித்ததும் எல்லா சர்வர்களிடமும் பதிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி வரிசையாகப் பாருங்கள். "ஏத்திட்டேன்" என்று மனிதர் சொல்வது போதாது. கையால் கோப்பை நகலெடுத்து ஏற்றுவதை அடியோடு நிறுத்துங்கள். எப்போதும் போகும் பைப்லைன் (சோதித்து ஏற்றும் தானியங்கி ஏற்பாடு) வழியாகவே அவசர மாற்றமும் போகட்டும்.

படி 7: ஒன்றில் போட்டுக் காத்திருங்கள்

பந்திக்கு இலை போட்ட பிறகு சாம்பாரில் உப்பு சேர்க்கும் சமையல்காரர்கூட உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் வாளியில் ஊற்றுவார்.

2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9:39-க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு தரவுக் கோப்பை அனுப்பியது. புதிய அமைப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, வாடிக்கையாளர் கணினியில் இருந்த நிரல் 20-ஐத்தான் கொடுத்தது. கோப்பைச் சரிபார்க்கும் கருவியிலேயே பிழை இருந்ததால் அது பச்சை காட்டிவிட்டது. கோப்பு படிப்படியாகப் போகாமல் எல்லோருக்கும் ஒன்றாகப் போனது. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் எழுந்திருக்கவே முடியாத கணினி அந்தத் திருத்தத்தை எப்படிப் பெறும்? ஆள் போய், ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து, கையால் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஒரு சர்வர், அல்லது ஒரு கடை, அல்லது உங்கள் அலுவலகத்துக் கணினிகள். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது உங்கள் மென்பொருளின் சுழற்சியைப் பொறுத்தது. பத்து நிமிடம் பார்த்தால் போதும் என்று சிலர் எழுதுவார்கள். இரவில் மட்டும் ஓடும் வேலை இருந்தால் பத்து நிமிடம் எதையும் சொல்லாது, ஓர் இரவு போக வேண்டும். பார்க்கும்போது பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். நடக்க வேண்டியது நடந்ததா என்றும் பாருங்கள். இத்தனை மணிக்கு வழக்கமாக எத்தனை பில் ஏறும், இன்று எத்தனை? என் கதையில் பிழை எண்ணிக்கை பூஜ்ஜியம். பில் எண்ணிக்கையும் பூஜ்ஜியம்.

படி 8: திருத்தத்தை வீடு கொண்டுபோய்ச் சேருங்கள்

ஹாட்ஃபிக்ஸ் கிளையில் செய்த மாற்றத்தை அன்றைக்கே முதன்மைக் கிளையில் சேருங்கள். அதற்கென எழுதிய டெஸ்டையும் சேருங்கள். படி 4-ல் ஓட்டாமல் விட்ட டெஸ்டுகளை மறுநாள் ஓட்டி முடியுங்கள்.

நான் அன்று காலை என்ன செய்தேன் தெரியுமா? கணக்காளர் லைனில் இருக்க, நேரே அந்த இரவு நிரல் இருந்த சர்வரில் நுழைந்து, தேடும் சொல்லை 'பில் எண்' என்று கையாலேயே மாற்றினேன். முந்தைய நாளின் பில்களை மறுபடி ஓட்டினேன். எல்லாம் ஏறிற்று. ரெபாசிட்டரியில் போட வேண்டும் என்று காகிதத்தில் குறித்தும் வைத்தேன். தீபாவளி வந்தது, ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து மூன்றாம் வாரம் வேறொரு குழு அந்த இரவு நிரலின் அடுத்த பதிப்பை ஏற்றியது. அதில் பழைய ஆங்கிலச் சொல்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன். அதே கணக்காளர். "சார், மறுபடியும் ஒண்ணுமே ஏறலையே?"